சின்ன ரேம் டிஸ்க்குக்குக் குறைந்தது எத்தனை செக்டர் வேண்டும்?

கேள்வி இது: 64 கேபி எஸ்ரேம் (சிப்புக்குள்ளேயே இருக்கும் ரேம்) உள்ள ஒரு மைக்ரோகன்ட்ரோலர். அதில் 32 கேபியை ஒதுக்கி ரேம் டிஸ்க் (ரேமின் ஒரு பகுதியையே டிஸ்க் போலப் பயன்படுத்துவது) அமைத்து, சின்ன சிப்புகளில் ஃபேட் வகை டிஸ்க்கைக் கையாளும் ஃபேட்எஃப்எஸ் நூலகத்தைக் கொண்டு ஃபார்மட் செய்யப் பார்த்தால், அதன் ஃபார்மட் ஃபங்ஷனான எம்கேஎஃப்எஸ் 14 என்ற எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. ரேம் அதிகமுள்ள வேறொரு போர்டில் 100 கேபி கொடுத்தால் அதே கோட் ஒழுங்காக ஓடுகிறது. அப்படியானால் குறைந்தபட்ச அளவு எவ்வளவு? அதை எது முடிவு செய்கிறது?

நேரடியாகச் சொன்னால், ஃபேட்எஃப்எஸ் கேட்கும் குறைந்தபட்சம் 128 செக்டர் (டிஸ்க்கில் ஒரே தடவையில் படிக்கும், எழுதும் மிகச் சிறிய துண்டு). ஒரு செக்டர் 512 பைட் என்றால் 64 கேபி. பார்ட்டிஷன் டேபிளோடு (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்ததைக் குறிக்கும் பட்டியல்) ஃபார்மட் செய்தால் இதற்கு மேல் 63 செக்டர் சேர்ந்து 191 ஆகிவிடும். உங்கள் 32 கேபி என்பது வெறும் 64 செக்டர், அதனால் ஃபார்மட் தொடங்கும் முன்பே வெளியே வந்துவிடுகிறது. 100 கேபி என்பது 200 செக்டர், அதனால் இரண்டு வழியிலும் தேறிவிடுகிறது.

ஆனால் இந்த 128 என்பது ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டத்தின் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறை) எல்லை கிடையாது. நூலகத்தை எழுதியவர் பாதுகாப்புக்காகப் போட்ட ஒரு வேலி. வேலிக்குப் பின்னால் இருக்கும் உண்மையான கணக்கு வேறு. அதைப் புரிந்துகொண்டால் அதே 32 கேபியில் 30 கேபியைக் கோப்புகளுக்கே பயன்படுத்தலாம். புரியாமல் விட்டால், ஃபார்மட் ஆனாலும் பாதி இடம் காணாமல் போகும்.

முதலில் அந்த 14. மவுன்ட் (டிஸ்க்கைப் பயன்பாட்டுக்குத் திறப்பது), ஓபன் எல்லாவற்றுக்கும் பொதுவான பிழைப் பட்டியலில் 14 என்பது ‘ஃபார்மட் கைவிடப்பட்டது’ என்று மட்டும் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. டிஸ்க் சிறியது என்றாலும் 14 வரும், கிளஸ்டர் (கோப்புக்கு ஒதுக்கப்படும் குறைந்தபட்ச இடம், ஒன்றோ பலவோ செக்டர் சேர்ந்தது) அளவைப் பொருந்தாமல் கொடுத்தாலும் 14 வரும், சின்ன டிஸ்க்கில் ஃபேட்32 தான் வேண்டும் என்று அடம்பிடித்தாலும் 14 தான். கடைசியாகச் சொன்னது அடிக்கடி நடக்கிறது. எஸ்டி கார்டுக்காக எழுதிய கோடில் ஃபேட்32 என்று எழுதியிருப்பார்கள், அதை அப்படியே ரேம் டிஸ்க்குக்கு எடுத்து வந்திருப்பார்கள். ஒரு வால்யூம் (ஃபார்மட் செய்த டிஸ்க் பகுதி) ஃபேட்12 ஆ, 16 ஆ, 32 ஆ என்பதை முடிவு செய்வது கிளஸ்டர் எண்ணிக்கை மட்டுமே. 4,085 க்குக் கீழே இருந்தால் ஃபேட்12, அதிலிருந்து 65,524 வரை ஃபேட்16, அதற்கு மேலே ஃபேட்32. ஒரு கிளஸ்டருக்கு 512 பைட் என்று மிகச் சிறியதாக வைத்தாலும் ஃபேட்32 க்கு 32 எம்பி அளவுக்கு இடம் வேண்டும், ஃபேட்16 க்கே 2 எம்பி வேண்டும். ஃபேட்டுக்குப் பின்னால் வந்த எக்ஸ்ஃபேட்டுக்கு இந்த நூலகம் 4,096 செக்டர் கேட்கிறது, அதாவது 2 எம்பி. நாம் பேசும் அளவில் ஃபேட்12 ஒன்றுதான் வழி. வகையைத் தேர்வு செய்யும் ஆப்ஷனில் சாதாரண ஃபேட் என்று கொடுத்துவிடுங்கள், 12 ஆ 16 ஆ என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடலாம். டிஸ்க் டிரைவரிடம் மொத்தச் செக்டர் எத்தனை என்று நூலகம் கேட்கும் இடத்தில் நீங்கள் என்ன எண் திருப்பித் தருகிறீர்கள்? கேபியில் 32 என்று தந்தாலும் 14 வரும். பைட்டில் 32,768 என்று தந்தால் நிலைமை அதைவிட மோசம். நூலகம் அதை 32,768 செக்டர் என்று எடுத்துக்கொள்ளும், 16 எம்பி டிஸ்க் இருப்பதாக நம்பி ஃபார்மட் செய்யும். ரைட் ஃபங்ஷனில் எல்லைச் சோதனை இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் வேரியபிள்கள் எல்லாம் அழியும். எம்கேஎஃப்எஸ் வெற்றி என்று சொல்லும், புரோகிராம் வேறெங்கோ போய் விழும். ரீட், ரைட் இரண்டிலும் செக்டர் எண் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு வரியை முதலில் போடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

அடுத்தது அந்த 63. எஃப்எம்_எஸ்எஃப்டி என்ற ஆப்ஷன் கொடுக்காமல் ஃபார்மட் செய்தால், எம்கேஎஃப்எஸ் முதல் செக்டரில் பார்ட்டிஷன் டேபிள் எழுதிவிட்டு, வால்யூமை 63 ஆவது செக்டரில் தொடங்கும். பழைய ஹார்டு டிஸ்க்குகளில் ஒரு டிராக்குக்கு 63 செக்டர் என்ற வழக்கிலிருந்து வந்த எண் அது. நடுவில் உள்ள 62 செக்டர் சும்மா கிடக்கும். 32 ஜிபி கார்டில் அதை யாரும் கவனிக்கப் போவதில்லை. ரேம் டிஸ்க்கில் டேபிள் செக்டரோடு சேர்த்து அது 31.5 கேபி, கிட்டத்தட்ட உங்களிடம் இருக்கிற மொத்த டிஸ்க் அளவு. மைக்ரோகன்ட்ரோலர்களுக்கான இயங்குதளமான ஸெஃபிரின் எடுத்துக்காட்டுகளில் ரேம் டிஸ்க் 192 செக்டர், 96 கேபி என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 63 ஐயும் 128 ஐயும் கூட்டிப் பாருங்கள், 191 வரும். அந்தக் கோட்டை மயிரிழையில் தாண்டும் அளவு 192. ரேம் டிஸ்க்குக்குப் பார்ட்டிஷன் டேபிள் தேவையே இல்லை. எஃப்எம்_எஸ்எஃப்டி கொடுத்தால் ஃபிளாப்பியைப் போல முதல் செக்டரிலிருந்தே வால்யூம் தொடங்கிவிடும்.

இனி உண்மையான கணக்கு. ஒரு ஃபேட்12 வால்யூமில் நான்கு பகுதிகள் உண்டு. பூட் செக்டர் ஒன்று. எந்தக் கிளஸ்டருக்கு அடுத்து எது என்று குறிக்கும் ஃபேட் அட்டவணை. கோப்புகளின் பெயர்ப் பட்டியலான ரூட் டைரக்டரி. மீதி எல்லாம் டேட்டா. இதில் ஃபேட் அட்டவணை நம் அளவுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு கிளஸ்டருக்கு 12 பிட், அதாவது ஒன்றரை பைட். ஒரே ஒரு செக்டரில் 341 பதிவுகள் அடங்கும். முதல் இரண்டைக் கழித்தால் 339 கிளஸ்டர். ஆக, 512 பைட் கிளஸ்டர் வைத்தால் சுமார் 170 கேபி டிஸ்க் வரைக்கும் ஒரு செக்டர் ஃபேட் போதும். ரெண்டாவது காப்பியும் ரேமில் தேவையில்லை. மீடியா கெட்டுப்போனால் உதவட்டும் என்று வைத்த காப்பி அது. ரேமே போய்விட்டால் இரண்டும் சேர்ந்துதான் போகும்.

இடத்தை விழுங்குவது ரூட் டைரக்டரி. ஃபேட்12, 16 இரண்டிலும் ரூட் டைரக்டரியின் அளவு ஃபார்மட் செய்யும்போதே நிலையாக ஒதுக்கப்பட்டுவிடும், பின்னால் வளரவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. ஃபேட்எஃப்எஸ் வழக்கமாக 512 பதிவுகள் ஒதுக்குகிறது. ஒரு பதிவு 32 பைட். பெருக்கினால் 16,384 பைட், 32 செக்டர். பத்துக்குப் பத்து அறையில் பாதியைக் காலி பீரோ அடைத்துக்கொண்ட கதைதான். நான்கு கோப்பு வைக்கப்போகும் டிஸ்க்கில் 512 கோப்புக்கு இடம் ஒதுக்கி என்ன பயன்?

இதைக் கண்ணால் பார்க்க, மைக்ரோகன்ட்ரோலரில் ஓடும் பைத்தானான மைக்ரோபைத்தான் நல்ல இடம். அதன் ஆவணங்களில் ரேம் பிளாக் டிவைஸுக்கு (பிளாக் பிளாக்காகப் படிக்கும், எழுதும் டிஸ்க் போன்றது) ஒரு எடுத்துக்காட்டு வரும்: 512 பைட் பிளாக், 50 பிளாக். மொத்தம் 25 கேபி. 128 என்ற வேலி இருக்கும்போது 50 எப்படி ஃபார்மட் ஆகிறது? மைக்ரோபைத்தான்காரர்கள் தங்களிடம் உள்ள ஃபேட்எஃப்எஸ் பிரதியில் அந்த 128 ஐ 50 என்று மாற்றி வைத்திருக்கிறார்கள். சரி, ஏன் 50? 40 ஏன் இல்லை? எம்கேஎஃப்எஸ்ஸுக்கு உள்ளே இன்னொரு சோதனை இருக்கிறது, டேட்டா பகுதிக்குக் குறைந்தது 16 கிளஸ்டராவது மிஞ்ச வேண்டும் என்று. பூட் 1, ஃபேட் 1, ரூட் 32, கிளஸ்டர் 16. கூட்டினால் சரியாக 50. ஒன்று குறைந்தாலும் அந்த இரண்டாவது சோதனையில் மாட்டிக்கொள்ளும். ஃபார்மட் ஆனதும் இடக் கணக்கைச் சொல்லும் ஸ்டாட்விஎஃப்எஸ்ஸைக் கேட்டுப் பாருங்கள். பிளாக் அளவு 512, மொத்தம் 16, காலி 16 என்று வரும். 25 கேபி கொடுத்தோம், கோப்புக்குக் கிடைப்பது 8 கேபி. மீதி 17 கேபியில் 16 கேபி ரூட் டைரக்டரிக்கே போய்விட்டது.

ஃபேட்எஃப்எஸ் ஆர்0.14 பதிப்பிலிருந்து, அதாவது 2019 இலிருந்து, எம்கேஎஃப்எஸ்ஸுக்கு ஒரு ஸ்ட்ரக்சர் கொடுக்க முடிகிறது. அதில் என்_ரூட் என்ற ஃபீல்டு இருக்கிறது. ரூட் டைரக்டரிப் பதிவுகள் எத்தனை என்று நாமே சொல்லலாம். ஒரே நிபந்தனை, அது முழுச் செக்டராக அடைய வேண்டும். 512 பைட் செக்டருக்கு 16 இன் மடங்கு. 20 என்றோ 10 என்றோ கொடுத்தால் பிழை எதுவும் சொல்லாமல் 512 க்கே போய்விடும். பலர் என்_ரூட் கொடுத்தும் இடம் கூடவில்லை என்பார்கள். எண்ணைப் பார்த்தால் 16 இன் மடங்காக இருக்காது.

உங்கள் 32 கேபிக்கு இப்போது கணக்குப் போடுவோம். மொத்தம் 64 செக்டர். வழக்கமான ரூட் என்றால் 1, 1, 32 போக 30 செக்டர், 15 கேபி. என்_ரூட் 32 என்று வைத்தால் ரூட் 2 செக்டர்தான். 1, 1, 2 போக 60 செக்டர், 30 கேபி. அதே ரேம், இரட்டிப்பு இடம்.

16 என்றே வைத்துவிடலாமே என்று தோன்றும். நீளப் பெயர்களை இயக்கியிருந்தால் யோசித்துச் செய்யுங்கள். நீளப் பெயரில் 13 எழுத்துக்கு ஒரு பதிவு, அதோடு குறும்பெயருக்கு ஒரு பதிவு. 30 எழுத்துள்ள பெயர் என்றால் நான்கு பதிவு போய்விடும். 16 பதிவில் அப்படி நான்கு கோப்புதான் நிற்கும். வால்யூம் லேபிள் வைத்தால் அதுவும் ஒரு பதிவு, அப்போது மூன்றே கோப்பு. டிஸ்க்கில் இடம் இருக்கும், ஆனால் புதுக் கோப்பு உருவாக்க முடியாது. எட்டும் மூன்றுமாகக் குறும்பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டால் 16 தாராளம். துணை டைரக்டரி ஒவ்வொன்றும் ஒரு கிளஸ்டரை எடுத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒரு பைட் உள்ள கோப்பும் 512 பைட்டைத்தான் பிடிக்கும்.

இப்போது வேலியைத் தாண்டும் விஷயம். என்_ரூட் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் 128 சோதனை அதற்கு முன்பே நிற்கிறது. 64 செக்டருக்கு நூலகத்தின் சோர்ஸில் அந்த எண்ணைத் திருத்தியாக வேண்டும். லைசென்ஸ் அதைத் தாராளமாக அனுமதிக்கிறது. ஆனால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும் என்று நினைத்து இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய பதிப்புகளில் அந்தச் சோதனை எம்கேஎஃப்எஸ்ஸில் மட்டும் இருந்தது. மைக்ரோபைத்தானில் உள்ள ஆர்0.13 வகையில் ஒரு எண்ணை மாற்றியதும் வேலை நடந்தது அதனால்தான். புதிய பதிப்புகளில் மவுன்ட் செய்யும் பக்கத்திலும் 128 வந்துவிட்டது. முதல் செக்டர் ஃபேட் வால்யூமின் பூட் செக்டர்தானா என்று பார்க்கும் ஃபங்ஷனில், மொத்தச் செக்டர் 128 க்குக் குறையாமல் இருக்கிறதா என்றும் ஒரு சோதனை நடக்கிறது. எம்கேஎஃப்எஸ்ஸை மட்டும் திருத்தினால் ஃபார்மட் வெற்றி என்று வரும், உடனே மவுன்ட் 13 தரும், அதாவது ஃபைல் சிஸ்டமே இல்லை என்று. ரேமில் எழுதியது அழிகிறதோ, கேஷ் பிரச்சினையோ என்று தேடி அலைய வேண்டாம். சோர்ஸ் ஃபைலில் 128 என்று தேடி இரண்டு இடத்தையும் ஒன்றாக மாற்றுங்கள். ஏன் மாற்றினோம் என்று கமென்ட் எழுதி, பேட்ச்சாக ரெப்போவில் வையுங்கள். அடுத்த முறை நூலகத்தைப் புதுப்பிப்பவர் அதைத் தெரியாமல் அழித்துவிடக் கூடாது.

சோர்ஸைத் தொடவே கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தால் ஒரு சுற்றுவழி உண்டு. டிஸ்க் 128 செக்டர் என்று அறிவித்துவிட்டு, உண்மையில் இல்லாத கிளஸ்டர்களை ஃபேட் அட்டவணையில் ‘கெட்டது’ என்று குறித்துவிடலாம். ஃபேட்12 இல் அதற்கான மதிப்பு 4,087. நூலகம் அவற்றை எடுக்காது. வேலை செய்யும்தான், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். டிஸ்க்கின் அளவைப் பற்றிப் பொய் சொல்லும் டிரைவர், அதை எழுதியவர் வேறு வேலைக்குப் போன பிறகு மற்றவர்கள் தலையில் விழும். வெளிப்படையாகத் திருத்திய இரண்டு வரியே மேல்.

எம்கேஎஃப்எஸ்ஸையே கூப்பிடாமல் விடுவது இன்னொரு வழி. சின்ன டிஸ்க்குக்குப் பூட் செக்டரைக் கையால் எழுதுவது பெரிய வேலை இல்லை. இதற்கு, சிப்பை யூஎஸ்பி சாதனமாக்கும் டைனியூஎஸ்பி நூலகத்தின் மாஸ் ஸ்டோரேஜ் (பென் டிரைவ் போலத் தெரிவது) எடுத்துக்காட்டு நல்ல பாடம். அதில் டிஸ்க் 16 செக்டர், வெறும் 8 கேபி. விண்டோஸ் மவுன்ட் செய்ய ஒப்புக்கொள்ளும் மிகச் சிறிய அளவு 8 கேபி என்று கோடிலேயே கமென்ட் போட்டிருக்கிறார்கள். செக்டர் 0 பூட், 1 ஃபேட், 2 ரூட் டைரக்டரி, 3 இல் ரீட்மீ கோப்பின் உள்ளடக்கம். அந்தப் பூட் செக்டரைப் பிரித்துப் பார்த்தால், 11 ஆவது பைட்டிலிருந்து செக்டர் அளவு 512, 13 இல் கிளஸ்டருக்கு 1 செக்டர், 14 இல் ஒதுக்கிய செக்டர் 1, 16 இல் ஃபேட் காப்பி 1, 17 இல் ரூட் பதிவு 16, 19 இல் மொத்தச் செக்டர் 16, 21 இல் மீடியா வகை 248, 22 இல் ஃபேட் அளவு 1. இரண்டு பைட் எண்களில் சிறிய பைட் முதலில் வரும். கடைசி இரண்டு பைட், அதாவது 510, 511 இல் 85, 170. ஃபேட் செக்டரின் முதல் மூன்று பைட் 248, 255, 255. இவ்வளவுதான் ஒரு முழு ஃபேட் டிஸ்க். கோப்புக்கு 13 செக்டர், ஆறரை கேபி கிடைக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த எடுத்துக்காட்டில் டிஸ்க்கைப் படிப்பது கம்ப்யூட்டர், மைக்ரோகன்ட்ரோலர் இல்லை. சிப் பக்கத்தில் ஃபைல் சிஸ்டம் கோடே கிடையாது, கேட்ட செக்டரை எடுத்துக் கொடுக்கிறது, அவ்வளவே. அதே 16 செக்டர் டிஸ்க்கைச் சிப்பிலும் புதிய ஃபேட்எஃப்எஸ் வைத்து மவுன்ட் செய்யப் போனால், மேலே சொன்ன மவுன்ட் பக்க வேலி தடுக்கும்.

ஃபேட் சின்ன டிஸ்க்குக்கு ஒவ்வாதது என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. சின்ன டிஸ்க்குக்காகவே பிறந்தது அது. 1981 இல் வந்த ஐபிஎம் பிசியின் ஃபிளாப்பி 160 கேபி, 320 செக்டர். அதில் ரூட் டைரக்டரி 64 பதிவு, நான்கே செக்டர். எம்எஸ்-டாஸின் ரேம் டிஸ்க் டிரைவரான ரேம்டிரைவ் நினைவிருப்பவர்களுக்குத் தெரியும், டிஸ்க் அளவு, செக்டர் அளவு, ரூட் பதிவு எண்ணிக்கை மூன்றையும் கான்ஃபிக் ஃபைலில் ஒரே வரியில் கேட்கும். ஒன்றும் சொல்லாவிட்டால் 64 கேபி டிஸ்க், 64 பதிவு. செக்டரை 128 பைட்டாகக்கூட வைக்கலாம். அன்றைக்கு ரேமின் மதிப்பு தெரிந்தவர்கள் எழுதியது அது. 512 என்ற ரூட் அளவு ஹார்டு டிஸ்க் காலத்து வழக்கம், அதை மைக்ரோகன்ட்ரோலருக்குத் தூக்கி வந்ததுதான் சிக்கல்.

ஃபேட்எஃப்எஸ்ஸில் செக்டர் அளவு 512 இலிருந்து 4,096 வரைதான். 128 பைட் செக்டர் வைத்து டிஸ்க்கைச் சுருக்க முடியாது. எதிர்ப்பக்கம் போனால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் வேலி செக்டர் எண்ணிக்கையில் இருக்கிறது, பைட்டில் இல்லை. 4,096 பைட் செக்டர் என்றால் அதே 128 செக்டர் 512 கேபி ஆகிவிடும். ஈஎஸ்பி32 சிப்புகளுக்கான ஈஎஸ்பி-ஐடிஎஃப் மென்பொருள் தொகுப்பின் எடுத்துக்காட்டுகளில் ஃபேட் பார்ட்டிஷன் 528 கேபி என்று விசித்திரமான எண்ணாக இருப்பதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஃபிளாஷின் தேய்மானத்தைச் சமமாகப் பரப்பும் வேர்-லெவலிங் அடுக்கு தனக்கென்று எடுத்துக்கொள்ளும் 4 செக்டரைச் சேர்த்தால் 132 செக்டர், பெருக்கினால் 528 கேபி. அது ஃபிளாஷ், அங்கே 4,096 க்குக் காரணம் இருக்கிறது. ரேமுக்கு ஒரு காரணமும் இல்லை, 512 லேயே வையுங்கள்.

இதோடு சேர்த்து டிரைவரில் இன்னொரு பதிலையும் பாருங்கள். அழிக்கும் பிளாக் அளவு எத்தனை செக்டர் என்று எம்கேஎஃப்எஸ் கேட்கும். ரேமுக்கு 1 என்று சொல்ல வேண்டும். எஸ்டி கார்டு டிரைவரிலிருந்து எடுத்து வந்த கோடில் 64 என்று இருந்தால், டேட்டா பகுதியை 64 ஆவது செக்டரில் தொடங்குவதற்காக நடுவில் இருக்கும் இடத்தை ஃபேட் அட்டவணையை ஊதி நிரப்பிவிடும். 34 இல் தொடங்க வேண்டியது 64 இல் தொடங்கும். 30 செக்டர், 15 கேபி, ஒரு பிழைச் செய்தியும் இல்லாமல் போய்விடும்.

டிஸ்க்குக்கு வெளியே ஆகும் செலவையும் மறக்காதீர்கள். வால்யூம் ஆப்ஜெக்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு செக்டர் பஃபர், திறந்த கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு செக்டர் பஃபர், ஃபார்மட் செய்யும்போது ஒரு செக்டர் வேலை இடம். நான்கு கோப்பைத் திறந்து வைத்தால் 2 கேபிக்கு மேல் அதற்கே போய்விடும். எஃப்எஃப்_எஃப்எஸ்_டைனி என்ற அமைப்பை 1 ஆக்கினால் கோப்புகள் எல்லாம் வால்யூமின் பஃபரையே பகிர்ந்துகொள்ளும். ரேம் டிஸ்க்கில் இதனால் வேகம் குறைவது தெரியவே தெரியாது, ஏனென்றால் ‘டிஸ்க் ரீட்’ என்பதே ரேமுக்குள் 512 பைட்டை நகலெடுக்கும் மெம்காப்பிதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி: அந்த டிஸ்க்கை வேறு யார் படிக்கப் போகிறார்கள்? யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்றால் ஃபேட்தான், மேலே சொன்னது எல்லாம் பொருந்தும். உங்கள் புரோகிராம் மட்டும்தான் படிக்கும் என்றால், மைக்ரோகன்ட்ரோலர்களுக்கான ஃபைல் சிஸ்டமான லிட்டில்எஃப்எஸ்ஸைப் பாருங்கள். ஆர்ம் நிறுவனம் 2017 இல் வெளியிட்டது அது. ரூட் டைரக்டரிக்கு என்று நிலையான ஒதுக்கீடு கிடையாது. சூப்பர்பிளாக்குக்கும் (ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள்) ரூட்டுக்கும் சேர்த்து ஒரு ஜோடி, அதாவது இரண்டு பிளாக்; மற்ற டைரக்டரி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிளாக். பிளாக் அளவு 128 பைட் வரை இறங்கலாம். காகிதத்தில் பார்த்தால் இரண்டு பிளாக், 256 பைட்டே குறைந்தபட்சம் என்று தோன்றும். நடைமுறையில் அப்படி இல்லை. சின்னக் கோப்புகளை டைரக்டரிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வசதி பிளாக் அளவில் எட்டில் ஒரு பங்குக்குத்தான். 128 பைட் பிளாக்கில் அது 16 பைட், பெரும்பாலும் பயன்படாது. டைரக்டரியின் விவரங்கள் பிளாக்கில் பாதியைத் தாண்டினால் அது இன்னொரு ஜோடியாகப் பிரியும். நீளமான கோப்புப் பெயர்கள் இருந்தால் 128 பைட் பிளாக் சீக்கிரமே ஜோடி ஜோடியாக இடத்தைத் தின்றுவிடும். 4 கேபிக்கு 128 பைட் பிளாக், 16 கேபிக்கு மேல் 512 என்று தொடங்குவது என் பழக்கம்.

மின்சாரம் போனாலும் கெடாமல் இருப்பதுதான் லிட்டில்எஃப்எஸ்ஸின் பெருமை. சாதாரண ரேமில் அதற்கு அர்த்தமில்லை, மின்சாரம் போனால் டிஸ்க்கே இருக்காது. ஆனால் பேட்டரியில் நிற்கும் ரேம் இருந்தால் கதை வேறு. எஸ்டிஎம்32எஃப்407 மைக்ரோகன்ட்ரோலரில் 4 கேபி பேக்கப் எஸ்ரேம் இருக்கிறது. ஃபேட் கணக்கில் அது 8 செக்டர், கையால் எழுதினாலும் டேட்டாவுக்கு ஐந்துதான். 128 பைட் பிளாக் வைத்த லிட்டில்எஃப்எஸ்ஸுக்கு அதே இடம் 32 பிளாக். ரீசெட் நடுவில் விழுந்தாலும் பழைய பதிவு பத்திரமாக இருக்கும். அந்த இடத்துக்கு அதுதான் சரி. அதே சமயம், மூன்று அமைப்பு மதிப்புகளைச் சேமிக்க மட்டும் என்றால் ஃபைல் சிஸ்டமே வேண்டாம். ஒரு ஸ்ட்ரக்சர், அது கெடவில்லை என்று சரிபார்க்க ஒரு சிஆர்சி, முடிந்தது.

லினக்ஸ் போர்டுகளைப் பற்றியும் கேட்பார்கள். அங்கே சின்ன ரேம் டிஸ்க்குக்கு, ரேமிலேயே இயங்கும் ஃபைல் சிஸ்டமான டெம்ப்எஃப்எஸ் போதும். அதை ஃபார்மட் செய்ய வேண்டியதில்லை, வைத்த கோப்பு அளவுக்குத்தான் ரேமை எடுக்கும். பிளாக் டிவைஸ்தான் வேண்டும் என்று லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் போட்டால் ஜர்னலுக்கே (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் இடம்) குறைந்தது 1,024 பிளாக் வேண்டும். டிஸ்க் மிகச் சிறியதாக இருந்தால் அதன் ஃபார்மட் கருவியான எம்கேஈ2எஃப்எஸ் ஜர்னலையே விட்டுவிடும். இன்னொரு லினக்ஸ் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்எஃப்எஸ் இப்போது 300 எம்பிக்குக் கீழே ஃபார்மட் செய்யவே மறுக்கிறது.

உங்கள் 32 கேபிக்குத் திரும்பி வருகிறேன். எஃப்எம்_எஸ்எஃப்டி கொடுங்கள், என்_ரூட் 32, ஃபேட் காப்பி 1, பிளாக் அளவு 1, செக்டர் எண்ணிக்கை 64. சோர்ஸில் இரண்டு இடத்திலும் 128 ஐ 64 ஆக்குங்கள். இன்னும் கீழே போக வேண்டுமென்றால் என்_ரூட் 16 வைத்து 19 செக்டர் வரை இறங்கலாம், 9.5 கேபி. பதினாறு கிளஸ்டர் சோதனை அதற்குக் கீழே விடாது. ஃபார்மட் முடிந்து மவுன்ட் ஆனதும் முதல் வேலையாகக் காலி கிளஸ்டர் எத்தனை என்று கேளுங்கள். 60 வந்தால் எல்லாம் சரி. 30 வந்தால் என்_ரூட் போய்ச் சேரவில்லை. இரண்டும் இல்லாமல் வேறு எண் வந்தால் பிளாக் அளவையோ ஃபேட் காப்பி எண்ணிக்கையையோ பாருங்கள்.

பிறகு டிஸ்க்கை நிரப்பிப் பாருங்கள். இவ்வளவு சிறிய டிஸ்க் நிச்சயம் நிரம்பும், வயலில் போன பிறகு நிரம்புவதைவிட மேசையில் நிரம்புவது நல்லது. ஃபேட்எஃப்எஸ்ஸில் ரைட் ஃபங்ஷன் டிஸ்க் நிரம்பியதைப் பிழையாகச் சொல்லாது. வெற்றி என்றே 0 திருப்பும், ஆனால் எழுதிய பைட் எண்ணிக்கை நீங்கள் கேட்டதைவிடக் குறைவாக இருக்கும். திருப்பி வந்த 0 ஐ மட்டும் பார்த்துவிட்டுப் போகும் கோடில் கோப்பின் வால் சத்தமில்லாமல் அறுபட்டிருக்கும். ஒவ்வொரு ரைட்டுக்குப் பிறகும் இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள்.